மாப்பிள்ளை அடித்த வெள்ளி பெயிண்ட்

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஊர் முன்னால் உன்னை 'வாங்க மாப்ள, உக்காருங்க' என்றுதான் கூப்பிடுவேன். தங்கச்சி செல்வியின் புருஷனாயிற்றே. லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் பழையபடி நீ, நான்தான். இதை லாரிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அதனால் மரியாதை கிடையாது. அங்கே எப்படி இருக்கிறாய்? பெயிண்ட் பிரஷ் ஏதாவது கையில் கிடைத்ததா?

ஏன் கேட்கிறேன் என்றால், போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க உன் பெயிண்டோடுதான் எனக்கு மல்லுக்கட்டு.

நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நீ போன பிறகு, வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். பாச்சலூரில் சவ்சவ் மூட்டை ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, உர மூட்டையோடு மலையேறுகிற அதே சோலிதான். கொஞ்ச நாளாக ஏற்றத்தில் வண்டி திணற ஆரம்பித்தது. எவ்வளவு மிதித்தாலும் இழுவை இல்லை. மெக்கானிக் சேவியர் ஏதோ மெஷினை மாட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சின் சூட்டை அளந்து சொல்கிற சென்சார் கெட்டுவிட்டது என்றான். எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே கொதிக்கிறது என்று அது புளுகுகிறதாம். அதை நம்பி வண்டியும் பயந்துபோய் இழுவையைக் குறைத்துக்கொள்கிறதாம்.

"கழட்டி வேற மாட்டுனா தீந்துச்சுண்ணே" என்று சுலபமாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் புது சென்சாரை வாங்கிக்கொண்டு பாச்சலூருக்கு, நம் வீட்டுக்கே வந்துவிட்டான். செல்வி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எஞ்சினுக்குள் தலையை விட்டவன், வெகுநேரம் தலையை எடுக்கவே இல்லை. அவனுக்குச் சென்சார் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

எங்கே இருக்கும்? உன் பெயிண்டுக்கு அடியில்தான்.

எல்லோரும் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவுவார்கள், சந்தனம் குங்குமம் வைப்பார்கள், மிஞ்சினால் பம்பருக்கு ஒரு கோட் அடிப்பார்கள். நீ எஞ்சினையே வெள்ளி விக்கிரகமாக ஆக்காமல் விடமாட்டாயே. நட்டு, போல்ட்டு, ஜாக்கி, ஸ்பானர் எதையும் விட்டதில்லை. பெயிண்ட் டப்பாவை நீ 'பேணி' என்பாய். இலங்கைத் தோட்டத்திலிருந்து உன் வீட்டார் கொண்டுவந்த பேச்சு. நீ பேணியைத் திறந்தால் செல்வி பாத்திரங்களை எடுத்து ஒளித்து வைப்பாள். நீ இல்லாமல் வந்த போன ஆயுத பூஜைக்குக் கழுவிச் சந்தனம் வைத்ததோடு சரி. பிரஷைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை.

"யாருண்ணே இது, செவுத்துக்குப் பூசுற மாதிரி பூசி வச்சிருக்கறது?" என்று கேட்டான் சேவியர். செல்வி பக்கத்தில் நின்றாள். "மொத எடத்தக் கண்டுபிடிப்பா" என்றேன்.

தட்டிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தான். ஸ்பானர் உட்காரவில்லை, வழுக்கியது. எண்ணெய் அடித்தான். அசையவில்லை. கடைசியில் ஸ்பானர் பிடியில் ஒரு நீளப் பைப்பைச் சொருகினான். "முறுக்கிப் பாக்குறேண்ணே. வந்தா வரும். உள்ள ஒடிஞ்சிருச்சுன்னா எஞ்சின் ஹெட்டயே கழட்டி எறக்கணும். வண்டி ஒரு மாசம் கெடக்கும்."

ஒரு மாதம் கிடந்தால் நமக்கு லோடு கொடுக்கிற தோட்டக்காரர்கள் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள். செல்வி முதல் நாளே சொல்லிவிட்டாள்: "ஹெட்ட எறக்குற நெலம வந்தா வித்துருவோம்ணே." உன் வண்டி, மாப்பிள்ளை. நாம் ஒன்றாகப் போய் வாங்கி வந்த வண்டி.

"சேவியரண்ணே, முறுக்காதீங்க" என்றாள் செல்வி. "அது துரு இல்ல. பெயிண்டுதான் புடிச்சுக் கெடக்கு."

உள்ளே போய்த் தின்னர் பாட்டிலும், மூட்டை தைக்கிற கோணி ஊசியும் எடுத்து வந்தாள். ஒரு வருஷம் நீ வீட்டுத் தாழ்ப்பாளுக்கும் சேர்த்து அடித்து, அது ஒட்டிக்கொண்டு, நாமெல்லாம் கொல்லை வழியாக நடமாடினோமே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது அதைத் திறந்தது அவள்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு பூஜைக்கும் உன் பின்னாலேயே தின்னரோடு திரிந்தவளாயிற்றே.

துணியைத் தின்னரில் நனைத்துச் சென்சாரைச் சுற்றிக் கட்டினாள். ஊறியதும் ஊசியால் இடுக்குகளைக் கிளறினாள். மேலே வெள்ளி. அதற்கடியில் ஒரு நீலம். "இது ஜன்னலுக்கு வாங்குனதுல மிஞ்சுனது" என்றாள். நீலத்துக்கு அடியில் ரோஸ். உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வீட்டுக்கு அடித்தது. கல்யாணத்தன்று உன் மீசையில் ஒட்டியிருந்த அதே ரோஸ். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்புறம் மறுபடி வெள்ளி, கடைசியில் வெறும் இரும்பு.

ஸ்பானர் நறுக்கென்று உட்கார்ந்தது. "மொத ஒரு மயிரிழை இறுக்குவோம். அப்பத்தான் புடி விடும்" என்றான் சேவியர். இறுக்கினான், தளர்த்தினான், மறுபடி இறுக்கினான். நாலைந்து தடவைக்குப் பிறகு 'டிக்' என்றது. எனக்கு ஒடிந்துவிட்டது என்றே பட்டது. இல்லை, முழுசாகக் கழன்று வந்தது. கூடவே எஞ்சின் தண்ணீர் பீய்ச்சிச் சேவியரின் சட்டையெல்லாம் நனைந்தது.

மறுநாள் வெள்ளனே லோடு போனேன். திரும்பும்போது வடகாடு தாண்டி உர மூட்டையோடு வண்டி ஏறியதே, நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு இடத்தில்கூடத் திணறவில்லை. வீட்டுக்குக் கீழ் வளைவில், நீ அடிப்பது போலவே இரண்டு தடவை ஹாரன் அடித்தேன். வண்டியோடு சேர்ந்து வந்த பழக்கம்.

செல்வி வாசலில் நின்றாள். "ஒடிஞ்சே போயிருக்கலாம்னு ஒரு நிமிஷம் நெனச்சேண்ணே" என்றாள். "விக்கிறதுக்கு ஒரு சாக்கு கெடச்சிருக்கும். கீழ ஹாரன் கேட்டா என் கை தன்னால சோத்தப் போட்டு வச்சிருது. வெளிய வந்து பாத்தா நீங்க எறங்குறீங்க."

"அப்புறம் எதுக்குத்தா கழட்டுன?"

"அவரு பெயிண்டால வண்டி போச்சுன்னு மார்க்கெட்டுல நாலு பேரு பேசுவாங்க. அத என்னால கேக்க முடியாது."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இனிமேல் அந்த வளைவில் ஹாரன் அடிக்கமாட்டேன் என்றேன்.

"அடிங்க. அடிக்கலேன்னா வண்டி எங்கன நிக்குதோன்னு வேற பயந்து கெடக்கணும். சோறு போட்டாச்சு, வெரசா கையக் கழுவிட்டு வாங்க."

கத்தரிக்காய்க் குழம்பு, மாப்பிள்ளை. உன் தட்டு. அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் சாப்பிட்டேன்.

வண்டி நம் வீட்டில்தான் இருக்கும். அந்த வளைவில் இரண்டு தடவை ஹாரன் அடித்துத்தான் வருவேன். உனக்கென்று அவள் போடுகிற சோற்றில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டேன். இது சத்தியம்.

உன் மச்சான்,
செல்வியின் அண்ணன் முருகேசன்