டோக்கன் நாற்பத்தொன்று

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாலு எழுதுவது. அப்பா நலம். நான் ரொம்ப நலம். பூனை என்னைவிட நலம். அம்மாவுக்கு வருகிறேன், பொறு.

புற்றுநோய்ப் பதிவேட்டு ஆபீசில் நாள் முழுக்க எண்ணுகிறவன் தங்கைக்கு எழுதும்போதாவது அட்டவணை போடாமல் இருக்கலாம். ஆனாலும் படித்தேன். கல்நார்த் தூசியால் வரும் புற்று துறைமுகப் பக்கம் குறைகிறது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கம்பெனி இருந்த நம் பக்கம் ஏறுகிறது. அங்கே பலர் நோய் தெரிந்தபின் இரண்டு வருஷம் தாண்டுகிறார்கள். இங்கே முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருவதால் ஒரு வருஷமே பெரும்பாடு. கடைசியில், நம் தெருவிலிருந்து பெயரில்லாமல் ஒரு வரி வந்திருப்பதாக எழுதியிருந்தாய்: ஆண், ஐம்பத்து மூன்று, ஷீட் தொழிலாளி, டோக்கன் நாற்பத்தொன்று. அப்பாவா என்று கேட்கப் பயந்து, எந்த மாமா என்று சுற்றி வளைத்திருந்தாய்.

மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அம்மா.

மூடிய கம்பெனி வாசலில் எக்ஸ்ரே வண்டி வந்தது. வேலை செய்தவர்களுக்கு மட்டும் டோக்கன். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்று அப்பா அதை அலமாரி மேல் போட்டுவிட்டார். அம்மாவுக்கோ மூன்று மாதமாகப் பாதி மாடிப்படியில் மூச்சு முட்டியது. வீட்டுக்கு ஒரு டோக்கன், யார் வேணா போகலாம் என்று புளுகி அவளை வரிசையில் நிறுத்தினேன். நாற்பத்தொன்று என்றதும் அம்மா போய் நிற்க, படமெடுப்பவர், ஏம்மா, மீசையை வீட்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா என்றார். நான் கம்பெனிக்குள்ள கால் வச்சதே இல்லைங்க, எங்க வீட்டுக்காரர் சட்டையை இருபது வருஷம் உதறித் துவைச்சதுதான் என்றாள் அம்மா. பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டார்.

வலது நுரையீரலைச் சுற்றி நீர். பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து அதே கல்நார்ப் புற்று என்று உறுதி செய்தார்கள். சீக்கிரம் பிடித்ததால் ஆபரேஷன் செய்யலாமாம். டோக்கனைப் பார்த்து எழுதிய சீட்டில் மட்டும் கடைசிவரை அப்பாவின் விவரமே போயிருக்கிறது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கினாள். நான் சொல்லவில்லையே, எழுதுகிறேன்.

அப்பா இப்போது தன் சட்டையைத் தானே துவைக்கிறார். கம்பெனி மூடி நான்கு வருஷம், அதில் தூசி ஏது? ஆனாலும் உதறுவதில்லை. வாளித் தண்ணீரில் மெதுவாக அமுக்குகிறார்.

ஆகவே முதல் வேலையாக ஆண் என்பதை அடித்துப் பெண் என்று போடு. தொழிலுக்கு நேரே வீட்டு வேலை என்று போட்டுத் தப்பிக்காதே. கம்பெனிச் சட்டை துவைத்தவர் என்று எழுது. அப்போதுதான் அடுத்த எக்ஸ்ரே வண்டியில் துவைத்தவர்களுக்கும் டோக்கன் கிடைக்கும். நம் தெருவில் அப்படித் துவைத்தவர்கள் பத்தொன்பது பேர். டோக்கன் கேட்கும் மனுவில் பதினாறு பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். மீதி மூன்று வீட்டிலும் முன்பெல்லாம் மணியடித்துவிட்டு ஓடியவள் நான் என்பதால் கதவே திறக்கவில்லை. நாளைக்கும் அடிப்பேன். இந்தத் தடவை ஓடமாட்டேன்.

ஆபரேஷன் பன்னிரண்டாம் தேதி. உன்னை வாசலில் பார்த்ததும் அம்மா என்னைத் திட்டித் தீர்ப்பாள். இப்போதெல்லாம் ஒரு திட்டுக்கே இரண்டு தடவை மூச்சு வாங்குகிறாள். முழுசாக ஒரு திட்டு வாங்கிக்கொள்ள ஆசையாக இருக்கிறது, அண்ணா. பதினொன்றாம் தேதிக்குள் வந்துவிடு.

இப்படிக்கு,
சத்தியத்தை மீறாத
உன் வாலு