ஆட்டக்காரனுக்கு ஒரு நாள் கூலி

சித்திரபுரம்
8.1.2025

அன்புள்ள ரிஜின்,

நலம். நீ நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

நேற்று பாதியில் போனை வைத்துவிட்டாய். "நீ பேசுறது கமிட்டி செகரட்டரி பேசுற மாதிரி இருக்கு. சொல்லணும்னா எழுதி அனுப்பு, இனி இந்த நம்பர எடுக்க மாட்டேன்" என்றாய். எழுதுகிறேன். ஒரு வசதி. எழுத்தை நடுவில் வெட்ட முடியாது.

பிப்ரவரி பதினாறு, ஞாயிறு, நம் எஸ்டேட் மைதானத்தில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து. வருஷா வருஷம் செய்வது போல ஒவ்வொரு தொழிலாளியிடமும் ஒரு நாள் கூலி வசூல் என்று நோட்டீஸ் ஒட்டினோம். கொழுந்தெடுக்கும் பெண்கள் தர மறுத்துவிட்டார்கள். போன வருஷ வசூல் முழுக்க வெளியூர் ஆட்டக்காரர்களுக்கும் உனக்கும் போனது என்பது எல்லாருக்கும் தெரியும். கோல் வலை கிழிந்தது கிழிந்தபடி இருக்கிறது என்பதும் தெரியும்.

வெள்ளிக்கிழமை, ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டர் ஷெட்டில் கூட்டம் போட்டோம். முடிவு இது. வசூல் அரை நாள் கூலி. ஆடுகிறவன் யாரானாலும், எந்த ஊர்க்காரனானாலும், ஒரு ஆட்டத்துக்கு எஸ்டேட்டின் ஒரு நாள் கூலி. அதற்கு மேல் கிடையாது.

உனக்கும் அதுதான்.

நான் எதிர்த்துப் பேசினேன். தோற்றேன்.

நீ வருகிறாயா என்று மட்டும் எழுது. போஸ்டரில் உன் படம் போடலாமா என்று அச்சகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
லோகேஷ்

*

கொழிஞ்சாம்பாறை
13.1.2025

லோகேஷுக்கு,

எல்லாருக்கும் ஸ்தோத்திரம் என்று தொடங்கித்தான் பழக்கம். இந்த முறை கை வரவில்லை.

ஒரு நாள் கூலி. மூன்று தடவை படித்தேன்.

எனக்கு வருஷத்தில் ஆறு மாதம்தான் சீசன். மழை தொடங்கினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். இன்னும் நான்கு வருஷம் ஓடுவேன், ஐந்து வருஷம் ஓடுவேன். பிறகு என்னை யார் வைத்துக்கொள்வார்கள்? உன் எஸ்டேட்டில் ஐம்பத்தெட்டு வயது வரை வேலை உண்டு. முப்பத்திரண்டு வயதில் முடிந்துபோகும் வேலைக்கு ஒரு வாழ்க்கைக்கான கூலியைக் கேட்காமல் என்ன கேட்பது?

இங்கே கேலரியில் மூவாயிரம் பேர் டிக்கெட் வாங்கி உட்காருகிறார்கள். என்னைப் பார்க்க. அந்தக் காசில் என் பங்கு எனக்கு வருகிறது. இதில் அநியாயம் எங்கே? பந்தல் போடுகிறவனுக்கு அளவு வைத்தீர்களா? மைக் செட்டுக்காரனுக்கு? தேயிலையை ஏலத்தில் விற்கிறவனுக்கு? கைக்கு எட்டுகிற ஆள் நான் ஒருவன். என்னைப் பிடித்து அளக்கிறீர்கள்.

எங்கள் டீம் மேனேஜர் அர்த்தநாரியிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. "ஏனுங்க ரிஜினு, உங்கூர்ல கொழுந்த நிறுக்கற தராசுலயே ஆட்டக்காரனையும் நிறுக்கறாங்களாமா?" என்கிறார். சாப்பாட்டு மேசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

எல்லா ஊரும் என் விலையைத் தருகிறது. வெட்டுவது என் ஊர் மட்டும்.

முதலில் கையைத் தூக்கியது யார்? பெயரை எழுது. "கமிட்டி" என்று எழுதாதே.

ரிஜின்

*

சித்திரபுரம்
18.1.2025

அன்புள்ள ரிஜின்,

பெயர் கேட்டாய். இரண்டு நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன். நான் எழுதாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள்.

உன் அக்கா.

ஜோதி அக்காதான் முதலில் எழுந்தார். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன். "எந்தம்பி எங்க வேணாலும் எவ்வளவு வேணாலும் வாங்கட்டும். அவன் காலு, அவன் வெல. ஆனா ஏங் கூலிய வெட்டிக் குடுக்கச் சொன்னா, ஒரு நாளைக்கு நான் என்ன வாங்குறேனோ அதத்தான் குடுப்பேன். ஒரு ஆளுக்கு ஒரு நாள். அவ்வளவுதான்."

நான் உன் பக்கம் பேசினேன். கேலரி, டிக்கெட், சீசன், எல்லாம் சொன்னேன். மாரித்தாய் மதினி கேட்டார்: "ஏன் லோகேசு, எங்க கையி ஓடுற ஓட்டத்த டிக்கெட்டு போட்டுக் காட்டுனா ஆளு வருமா வராதா?" ஷெட்டே அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தை நடத்த முடியுமா?

இருந்தும் விடவில்லை. ஐரோப்பாவில் பெரிய கிளப்புகளிலேயே ஆட்டக்காரர் சம்பளத்துக்கு வரம்பு வேண்டுமா வேண்டாமா என்று வாதம் நடக்கிறது, படித்தவர்களாலேயே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை என்றேன். எம்.ஏ. படித்ததற்கு வேறு எங்கே பேசுவது. ரிசார்ட் வேலையில் சாவி எடுத்துக் கொடுக்கும்போதா?

மதினி சொன்னார், "முடிவு தெரியலன்னா இங்க வந்து கேட்டுட்டுப் போகச் சொல்லு."

நீ எழுதியதில் பாதி சரி. தேயிலைக்காரனை எங்களால் அளக்க முடியாது. ஆனால் தேயிலைக்காரன் இவர்கள் கூலியில் பங்கு கேட்டு நோட்டீஸ் ஒட்டவில்லை. நாம் ஒட்டினோம். நான்தான் ஒட்டினேன். என் கையெழுத்து.

அச்சகத்துக்கு என்ன சொல்ல?

லோகேஷ்

*

கொழிஞ்சாம்பாறை
23.1.2025

டேய் லோகேஷ்,

அக்கா என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கிரவுண்டைச் சுற்றி ஓடினேன். ஓடினால் கோபம் இறங்கும் என்பார்கள். ஏறியது.

வாரம் ஒரு தடவை அவளோடு போனில் பேசுகிறேன். சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாயா. இதை மட்டும் சொல்லவில்லை.

சரி. யோசித்துவிட்டேன்.

நான் சும்மா ஆடுகிறேன். ஒரு பைசா வேண்டாம். வண்டிச் செலவும் என்னுடையது. இங்கே ஒரு ஆட்டத்தை விட்டுவிட்டு வருகிறேன், அந்த நஷ்டமும் என்னுடையது. என் படத்தைப் பெரிதாகப் போடச் சொல். ஆட்டம் தொடங்கும் முன் மைக்கில் சொல்ல வேண்டும். ரிஜின் சம்பளம் வாங்காமல் ஊருக்காக ஆடுகிறான் என்று. இரண்டு தடவை சொல்லச் சொல். பெண்கள் உட்காரும் பக்கம் குழாயைத் திருப்பி வை.

இப்போதாவது உன் தலைவலி தீர்ந்ததா?

அன்புடன்,
ரிஜின்

*

சித்திரபுரம்
28.1.2025

அன்புள்ள ரிஜின்,

தீரவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். நல்ல செய்தி என்று நினைத்தேன். ஃபீல்டில் பத்து மணி டீக்கு உட்கார்ந்திருந்தார்கள். மைக் விஷயத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன்.

ஜோதி அக்கா டீயைக் கீழே வைத்தார். "சும்மாவா? யாரக் கேட்டு?"

எனக்குப் புரியவில்லை. காசு மிச்சம்தானே அக்கா என்றேன்.

"இன்னைக்கு இவன் சும்மா ஆடுவான். அடுத்த வருசம் மத்த பயலுகளையும் சும்மா ஆடுங்கம்பீங்க. அதுக்கடுத்து சூப்பர்வைசர் வருவான். ரிஜினே ஊருக்காகச் சும்மா ஆடுறான், நீங்க அரை மணி நேரம் சேத்துக் கொழுந்தெடுத்தா தேஞ்சா போயிருவீங்கம்பான். அதெல்லாம் ஆகாது. கூடவும் கெடையாது, கொறைச்சலும் கெடையாது. ஆடுனா, மத்தவங்களோட வரிசையில நின்னு கூலிய வாங்கிக்கிட்டுப் போவட்டும்."

அவன் மனசு கஷ்டப்படும் அக்கா என்றேன்.

"கூலி வாங்குனா மனசு கஷ்டப்படுமா? அப்ப எங்களுக்கெல்லாம் தெனமும் கஷ்டப்படணுமே."

ஒருவரும் சிரிக்கவில்லை. எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். நான் உன் கடிதத்தோடு தேயிலைக்கு நடுவில் நின்றேன்.

இந்தக் கூலிக்காக இவர்கள் வேலையை நிறுத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்த வருஷம் உனக்கும் எனக்கும் பதினெட்டு வயது. பஸ் ஓடவில்லை, காலேஜ் இல்லை என்று சந்தோஷமாகப் பந்து விளையாடிக்கொண்டிருந்தோம். அதனால்தான் நமக்கு இது புரிய நேரமாகிறதோ என்னவோ. உன்னைச் சொல்லவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

ரிஜின், எனக்கு அலுத்துவிட்டது. உனக்கு அவர்களை விளக்கி, அவர்களுக்கு உன்னை விளக்கி. போஸ்டர் உன் படம் இல்லாமல் அச்சாகிவிட்டது. டீமில் இடம் மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். ஏழாவது ஆளாக.

வருகிறாயா?

லோகேஷ்

*

கொழிஞ்சாம்பாறை
6.2.2025

அன்புள்ள லோகேஷ்,

தாமதம். இங்கே ஒன்று நடந்தது.

திங்கட்கிழமை டீம் முதலாளிகள் எல்லாரும் ஒரு ஹோட்டலில் கூடினார்கள். ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லையாம். இனி எந்த டீமும் ஒரு ஆளுக்கு ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவுதான், மேலே போகக் கூடாது என்று ஒரு அளவு வைத்துவிட்டார்கள். என் விலையில் பாதிக்குக் கொஞ்சம் கீழே வருகிறது.

டிக்கெட் விலை குறையவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

அர்த்தநாரி வந்து வாசலிலேயே நின்று சொன்னார். "நானென்னங்க பண்றது. மொதலாளிக சேந்து பேசீட்டாங்க. புடிக்கலீன்னா கெளம்பிக்கச் சொல்லுன்னுட்டாங்க." அவராலும் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டிஃபென்ஸில் ஆடுகிற ஜோஜோ முதலில் தலையாட்டினான். பிறகு கோல்கீப்பர். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் கேப்டன்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிங்க."

அவ்வளவுதான். ஒரு சொல். உனக்கு எத்தனை பக்கம் எழுதினேன். அக்காவை நினைத்து எத்தனை சுற்று ஓடினேன். இங்கே ஒரு சொல்.

இரண்டு நாளாக இதையே யோசிக்கிறேன். இவர்கள் வைத்த அளவில் மிச்சமாகிற பணம் இவர்கள் பைக்கே போகிறது. உங்கள் அளவில் மிச்சமானது அவரவர் கூலியிலேயே நின்றுவிட்டது. வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. உன்னளவு படிக்காதவன் என்றாலும் தெரிகிறது. அநியாயமான அளவுக்குத் தலையாட்டினேன். நியாயமான அளவுக்குக் கத்தினேன். கத்தினால் நீங்கள் என்னைக் கிளம்பச் சொல்ல மாட்டீர்கள் என்பதால் கத்தினேன்.

அக்கா சொன்னது சரி. எழுதிவிட்டேன். இதைவிடத் தெளிவாக எழுத வராது.

ஆனாலும் நான் வரவில்லை.

விலை பாதியான செய்தி இதற்குள் மலை ஏறி ஊருக்கு வந்திருக்கும். இப்போது வந்தால், அங்கே குறைத்ததும் இங்கே ஓடி வந்துவிட்டான் என்பார்கள். அது ஒன்று. இன்னொன்று, அந்த வரிசை. மஸ்டர் ஷெட் முன்னால் நின்று, ஊரே பார்க்க, ஒரு நாள் கூலியை நீட்டிய கையில் வாங்க வேண்டும். அக்கா முப்பது வயதுக்குள் ஆயிரம் தடவை நின்ற வரிசை. அவளால் முடிகிறது. என்னால் முடியாது. சரி என்று தெரிந்தும் முடியவில்லை. ஏன் என்று கேட்காதே.

ஒரு உதவி. எனக்கு அடிபட்டுவிட்டது என்று அக்காவிடம் சொல்லிவிடு. காலில் என்று சொல். அவள் கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன். எழுத்தில் பொய் வருகிறது, குரலில் வராது.

கடைசித் தடவையாகக் கேட்கிறேன்.

ரிஜின்

*

சித்திரபுரம்
12.2.2025

ரிஜின்,

நேற்று சாயங்காலம் கொழுந்து நிறுவை முடிந்ததும் சொன்னேன். ரிஜினுக்கு அடிபட்டிருக்கிறது, ஞாயிறு வர மாட்டான் என்று.

அக்கா கேட்டார், "எங்க அடி?"

கால்.

"எந்தக் காலு?"

நீ எழுதவில்லை. நானும் யோசித்து வைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

ராத்திரிக்குள் நான்கு தடவை உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். நீ எடுக்கவில்லை. எடுக்காததாலேயே பலத்த அடி என்று முடிவு செய்துவிட்டார். இன்று காலை மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தார். கூலி இல்லாத லீவு. நான் போக வேண்டாம் என்றேன். சின்ன அடிதான் என்றேன். "சின்ன அடிக்கு அவன் ஆட்டத்த விடுற ஆளா?" என்கிறார். அதற்கு மேல் உன் பொய்யைக் குறைக்க என்னிடம் வழி இல்லை.

மாரித்தாய் மதினி பஸ் நிற்கும் இடம் வரை வந்து கேலி செய்தார். "தம்பிக்கு ஒரு நா கூலிக்கு மேல தர மாட்டேன்னு நின்னவ, மூணு நாள விட்டுட்டுப் போறா பாரு." அக்கா சொன்ன பதில்: "அது வேற கணக்கு, இது வேற."

மூணாறிலிருந்து உடுமலை பஸ். அங்கேயும் பொள்ளாச்சியிலும் மாற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சட்டியில் ஏதோ வதக்கி எடுத்துக்கொண்டார், கட்டுப் போட. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அவர் பார்க்கப் போவதில்லை. ஏழாவது ஆளாகப் போஸ்ட் ஆபீஸ் டிஜோவைப் போட்டுவிட்டேன். பந்தைக் கண்டால் பயப்படுவான். வரிசையில் நிற்பான்.

உனக்காக நான் சொன்ன கடைசிப் பொய் இது. இனி ஜோதி அக்காவுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் ஜோதி அக்காவிடம் சொல். எனக்கு எழுதாதே. கோபத்தில் எழுதவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவன் ஆகிவிட்டேன். போதும்.

பஸ் வருவதற்குள் இதை இங்கேயே உட்கார்ந்து எழுதி, அக்கா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். ஒட்டித்தான் தருகிறேன். பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை. கமிட்டி விஷயம், பார்த்ததும் முதலில் இதைக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அர்த்தநாரி கதவைத் திறந்தால் உனக்கு நல்ல நேரம். நீயே நடந்து வந்து திறந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

அக்கா எதிரே உட்கார்ந்து, நீ படிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உண்மையைச் சொல்வதா, நொண்டுவதா, உன் பாடு.

நொண்டினால், வலது கால்.

லோகேஷ்