ஜூன் மாதக் கிறிஸ்துமஸ்

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். உங்கள் மகளுக்குச் சளி விட்டுவிட்டது. என்னைத் திட்டும் குரல் பழையபடி தெளிவாகிவிட்டது. நீங்களும் அத்தையும் நலம்தானே?

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் பேசும்போது அவள் பக்கத்தில் வந்து நிற்பாள். அதனால்தான் கடிதம்.

அங்கே இருந்தபோது, எங்கள் மேனேஜரை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர உங்கள் டிரைவிங் ஸ்கூல் காரை வாங்கிப் போனேனே. அவர் ஏறி உட்கார்ந்து, நான் சாவியைத் திருப்பியதும் நீங்கள் பாதியில் விட்டிருந்த இசை முழுச் சத்தத்தில் கிளம்பியது. நூறு வயலின், டிரம்பெட், மணியெல்லாம் சேர்ந்த கிறிஸ்துமஸ் இசை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். யார் காருய்யா இது என்று கேட்டார். எனக்கு மானமே போயிற்று. அணைக்கிற பட்டனும் கைக்கு அகப்படவில்லை.

வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அதில் டிரம்பெட் வாசிப்பவர் உங்கள் உயிர் நண்பர், அவர் இறந்துவிட்டார், அவர் நினைவாகத்தான் கேட்கிறீர்கள் என்று. சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

மறுபடியும் உங்கள் ஊர்க் கிளைக்கு வருகிறாராம். உங்களை நேரில் பார்த்து ஆறுதல் சொல்ல வேண்டுமாம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவர் கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் மாமா. கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உங்கள்
மாப்பிள்ளை


ஜூன் 17

மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

உங்கள் கடிதம் நாலு நாள் முன்பு காலையில் வந்தது, மேனேஜர் அன்றே மதியம் வந்தார். நல்லவேளை, மாறி வரவில்லை.

புதிதாகச் சேர்ந்த டீச்சரம்மாவுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் நேரே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். நீங்கள் கேட்டபடி ஆமாம் என்றேன். அதோடு விட்டாரா? நண்பர் பெயர் என்ன, எப்படிப் போனார் என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பரவால்ல சார், சொல்ல வேணாம்" என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். அப்போது எனக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கத்தில் வந்தது மாப்பிள்ளை. அவர் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். டீச்சரம்மாவும் அழ ஆரம்பித்தார். கார் ரோட்டின் குறுக்கே நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் விஷயம் வீட்டுக்குப் போய்விட்டது. எனக்குத் தெரியாமல் உங்களுக்கு எந்த நண்பன் செத்தான் என்று உங்கள் அத்தை கேட்கிறாள். என்ன சொல்ல?

நண்பன் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். வேறு காரணமும் கிடையாது. கிளட்சை விடத் தெரியாதவர்களோடு நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் இறங்கி அடுத்தவர் ஏறுவதற்குள் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு அதைக் கேட்பேன். மனசு லேசாகிவிடும். டிசம்பரில் கடைக்குக் கடை அதைத்தான் போடுகிறார்கள், அப்போது எனக்கு அது பிடிப்பதே இல்லை. இப்போது கேட்டால் எனக்கே எனக்கு என்று இருக்கும். இதையெல்லாம் இந்த வயதில் எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மேனேஜர் வந்துபோன பிறகு ஒருநாள் அதைப் போட்டேன். டிரம்பெட் ஆரம்பித்ததும் அந்த இல்லாத மனிதர் வந்து பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நிறுத்திவிட்டேன். பிறகு போடவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு எதற்காக அப்படிச் சொன்னீர்கள்? மழுப்பாமல் எழுதுங்கள்.

மாமா


ஜூன் 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். பிறகு நேரே மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசம். "மாமனாருக்கு ஒரு பாட்டு பிடிக்கும்னு சொல்றதுல உனக்கு என்னய்யா கஷ்டம்?" என்றார்.

மழுப்பாமல் எழுதச் சொன்னீர்கள். அந்த ஐந்து நிமிடம் உங்களை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது மாமா. என் மாமனார் இப்படி ஒரு ஆள் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அதற்காக உங்களுக்கு ஒரு சோகத்தை மாட்டிவிட்டேன். உங்கள் காரை ஓட்டிக்கொண்டே அப்படி நினைத்தேன் என்பதுதான் இப்போது தாங்கவில்லை.

உங்கள் மகளிடமும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஜூலை மாத முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் வரலாமா? வேண்டாம் என்றாலும் புரிந்துகொள்வேன்.

உங்கள்
மாப்பிள்ளை


ஜூன் 29

மாப்பிள்ளைக்கு,

பொய்யைக்கூட இரண்டு நாளில் மறந்திருப்பேன். வெட்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நானேதான் எழுதச் சொன்னேன். எழுதியதும் வலிக்கிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

உங்கள் மேனேஜர் போன் செய்தார். அப்படி அதில் என்ன சார் இருக்கிறது என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. "நல்லா இருக்கும் சார்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது. போனை வைத்த பிறகும் காது மடல் சுட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அத்தையிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன், மகளைப் பார்த்தால் அவளுக்கும் கோபம் ஆறும். ஸ்டேஷனுக்கு நானே காரோடு வருகிறேன். அந்த இசை ஓடிக்கொண்டிருக்கும். கண்ணாடி நான்கும் இறங்கியிருக்கும். மார்க்கெட் தெரு வழியாகத்தான் வருவோம். சிக்னலில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். உங்களுக்குக் கூசுகிற அளவுக்கு எனக்கும் கூசும். ஆனால் அணைக்க மாட்டேன்.

அது முடியாது என்று தோன்றினால் ஸ்டேஷன் வாசலில் பஸ் நிற்கும், ஏறி வந்துவிடுங்கள். வீட்டில் சாப்பாடு எப்போதும்போல் இருக்கும். நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

அன்புடன்,
மாமா