நான்காவது பிள்ளை

அன்புள்ள நியெவெஸ்,

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நம் ஊர்ப் பள்ளிக்குப் புதுக்கூரை போட்டுவிட்டார்கள். படிக்கத்தான் பிள்ளைகள் போதவில்லை. நான்கு பிள்ளைகள் இருந்தால்தான் பள்ளி நடக்கும். நீ சரகோசா நகரத்துக்குக் கூட்டிப்போன நம் மகள்தான் நான்காவது.

நேற்றுத் திறப்புவிழா. படம் எடுப்பதற்காகப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கொண்டுவந்தார்கள். மேயர் என் தோளில் தட்டி, "கொஞ்சம் சிரிடா! இந்த ஊர்ல இளம் விவசாயின்னு காட்ட உன்னை விட்டா யாரு இருக்கா?" என்றார். எனக்கு நாற்பத்தேழு வயது.

கிராமங்களின் எதிர்காலத்தைப் பற்றிக் கணக்கெடுக்க வந்த பெண் அதிகாரி, "உங்க வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டாள்.

"மூணு பேரு."

"மத்தவங்க எங்க?"

"வந்துருவாங்க."

அப்படியே எழுதிக்கொண்டாள்.

உன் வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாளில் இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். இத்துடன் அதையும் வைத்திருக்கிறேன்.

இன்னும் சில நாளைக்கு,
உன் கணவன்