ஓட்டுநரோடு சேர்த்து எடை

ஜூலை 9, செவ்வாய்

கியர்பாக்ஸைக் கழற்றி, கழுவி, திரும்பப் பூட்டினேன். ஒரு குறையும் இல்லை. குறை இல்லை என்று தெரிந்துகொள்ள ஒரு முழு நாள் ஆனது. குறை இருந்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும்.

பட்டறையில் நாங்கள் மூன்று பேர். பந்தயக் காரைத் தயார் செய்வது நான். டயர்களைப் பார்த்துக்கொள்வது டயர் அண்ணன். என் கணவர் காரை ஓட்டிவிட்டு வந்து, நான் எதையெல்லாம் சரியாகச் செய்யவில்லை என்று சொல்கிறார். வீட்டு ஸ்கூட்டரை நான் ஓட்டுகிறேன், அவர் பின்னால் உட்கார்ந்து குறை சொல்கிறார். ஆக வேலைப் பங்கீட்டில் பெரிய மாறுதல் இல்லை.

மாலையில் ஈயத் தகடுகளைத் துடைத்து அடுக்கினேன். காரும் ஓட்டுநரும் ஹெல்மெட்டும் சேர்ந்து இன்ன எடைக்குக் குறையக் கூடாது என்பது விதி. வருடம் முழுக்கக் காரிலிருந்து கிராம் கிராமாகச் சுரண்டி எடுக்கிறோம். பிறகு விதிக்குப் பயந்து, சுரண்டிய எடைக்கு ஈயம் வாங்கி இருக்கைக்கு அடியில் போல்ட் போடுகிறோம். எடை தரையோடு கிடந்தால் திருப்பங்களில் கார் சாயாது, அதற்காகத்தான் இவ்வளவும். வெளியாட்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஜூலை 14, ஞாயிறு

இரண்டாவதாக வந்தார். எழுதும்போதே அடித்துவிடலாம் போலிருக்கிறது. அதிகாரபூர்வமாக அப்படி எதுவும் நடக்கவில்லை.

பந்தயம் முடிந்ததும் கார்களை ஓட்டுநரோடு அப்படியே எடைமேடையில் ஏற்றுவார்கள். எங்களுக்கு முக்கால் கிலோ குறைந்தது. அதிகாரி நல்ல மனிதர். இறக்கி, மேடையைத் துடைத்து, மறுபடி ஏற்றினார். அதே முக்கால் கிலோ. துக்க வீட்டில் பேசுகிற குரலில், "முடிவுப் பட்டியல்ல பேரு இருக்காதும்மா" என்றார்.

தகடு ஏதாவது விழுந்திருக்குமோ என்று நானும் டயர் அண்ணனும் காருக்குள் தலையை விட்டுத் தேடினோம். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. பெட்ரோல் கணக்கு சரி. எதுவும் ஒழுகவில்லை. டயர் அண்ணன்தான் நிமிர்ந்து பார்த்து, "தங்கச்சி, கார விடு. இவரு இடுப்பப் பாரு" என்றார்.

பந்தய உடை இடுப்பில் கொசுவி நின்றது. இன்னொருவரிடம் இரவல் வாங்கிப் போட்டதுபோல இருந்தார்.

கையுறை வரைக்கும் தராசில் வைத்துப் பார்க்கிறவள் நான். இவரை மட்டும் வைக்கவில்லை. பருவத்தின் தொடக்கத்தில் எடுத்த எடையையே வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கூடவே வாழ்கிற மனிதர், தெரியாதா என்ற நினைப்பு. தெரியலையே! தினம் எதிர்ல உக்காந்து சாப்பிடறார். கண்ணு எங்க போச்சு எனக்கு? — நாளைக்குக் கேட்கிறேன். இன்று கேட்டால் சண்டையாகும். தோற்ற நாளில் சண்டை போடுவதில்லை என்று கல்யாணமான புதிதில் பேசிக்கொண்டோம். அப்போது இவ்வளவு தோற்போம் என்று தெரியாது.

ஜூலை 15

காலையில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சொல்லிடறேன்" என்றார்.

எங்களுக்குப் படியளப்பவர் மெத்தைக்கடை முதலாளி. காரின் இரண்டு பக்கமும் அவர் கடைப் பெயர்தான். ஒரு மாதத்துக்கு முன் போனில் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். "வயசாகுதுல்ல? கடைசிப் பந்தயத்துல மொத மூணுக்குள்ள வாங்க, அப்புறம் பேச்சே இல்ல. வரலேன்னா அடுத்த வருஷம் எம் மாப்ள ஓட்டட்டும்." என்னைப் பற்றிக் கவலை வேண்டாம், பட்டறை எப்போதும்போல நடக்கும் என்றும் சொன்னாராம். நல்ல மனசு.

"அதுக்கு ஏங்க பட்டினி கெடந்தீங்க? நீங்க எவ்ளோ கொறைஞ்சாலும் அவ்ளோ ஈயம் வைக்கப்போறேன். காருக்கு என்ன மிச்சம்?"

"காருக்கு இல்லம்மா. போட்டோல கொஞ்சம் வயசு கம்மியாத் தெரியும்ல."

அரைத் தட்டுச் சாப்பாட்டை மேசைக்கு அடியில் பூனைக்குப் போட்டுவந்திருக்கிறார். பூனை பெருத்ததை நான் கவனித்தேன் என்பதுதான் வேடிக்கை. அதற்கு வைத்தியம்கூட யோசித்தேன்.

அவருக்கு நாற்பத்தேழு. வயது எல்லோருக்கும்தான் ஆகிறது. ஆனால் காரிலிருந்து இறக்கிவிட்டால் இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 18

இனி வியாழன்தோறும் கணவர் தராசில் ஏறவேண்டும். இன்று ஏறினார். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அதனால் எடை குறையாது என்று சொன்னேன். தெரியும் என்றார். ஆனாலும் விடவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மூன்றாவது. எடையும் சரி. பட்டினிக்கு ஒரு பலன் இருக்கத்தான் செய்கிறது: வயிற்றின் உயரத்தில் இருந்த எடை இப்போது ஈயமாகத் தரையில் கிடக்கிறது. நீண்ட வலது திருப்பத்தில் கார் தண்டவாளத்தில் போவதுபோலப் போகிறது என்றார். குறை ஏதும் சொல்லவில்லை. எனக்கு லேசாகப் பயமாகிவிட்டது.

ஆகஸ்ட் 11

முதலாளி மருமகனைப் பட்டறைக்கு அழைத்து வந்தார். முப்பது வயது இருக்கும், சாதுவான முகம். காரைத் தொடாமல், ஆஸ்பத்திரியில் தெரியாதவர்களின் கட்டிலைச் சுற்றுவதுபோல ஒரு சுற்று வந்தார்.

"எம் மாப்ளைக்கு வேகம்னா உயிரு" என்றார் முதலாளி. மருமகன் தரையைப் பார்த்தார்.

ஈயம் எதற்கு என்று கேட்டார். சொன்னேன். ஒப்புக்காக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல் அடுத்ததையும் கேட்டார்: "ஓட்டறவரு ரொம்ப கனமா இருந்தா, அக்கா?"

"ஈயத்தக் கழட்டிக்கிட்டே வருவேன். எல்லாம் கழட்டினப்புறமும் கனம்னா ஒண்ணும் பண்ண முடியாது. கார் ஆமைதான்."

தலையாட்டிவிட்டு, மேசையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார். போகும்போது பொட்டலம் காலி. முதலாளி எங்களுக்காக வாங்கி வந்த பொட்டலம் அது.

செப்டம்பர் 19

வியாழன். மூச்சை இழுக்காமல் நின்றார். கடைசிப் பந்தயத்துக்கு எல்லாம் தயார். எல்லா போல்ட்டையும் இறுக்கி, பெயிண்ட் பேனாவால் கோடு போட்டாயிற்று. கோடு விலகினால் போல்ட் தளர்ந்தது என்று அர்த்தம். டயர் அண்ணன், "உன் வீட்டுக்காரருக்கும் ஒரு கோடு போட்டுடு தங்கச்சி, தளர்ந்தா தெரியும்" என்றார்.

செப்டம்பர் 22, ஞாயிறு

நாலாவது.

மூன்றாவது வந்த காருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு டயர் அகலம். கொடி விழுந்தபோது நான் தடுப்புச் சுவரில் நின்றுகொண்டிருந்தேன். முந்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். டயர் அண்ணன் கைதட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

கொடி விழுந்த பிறகு மெதுவாக ஒரு சுற்று வரவேண்டும். அப்போது ஓட்டுநர்கள் தடத்தின் ஓரமாகவே உருட்டி வருவார்கள். அங்கே சிதறிக் கிடக்கும் ரப்பர் துணுக்குகள் சூடான டயரில் ஒட்டிக்கொள்ளும். எடைமேடைக்கு ஒன்றிரண்டு கிலோ கூடும். எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். இவரும் பொறுப்பாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். தேவையே இருக்கவில்லை. மேடையில் ரப்பரைக் கழித்தாலும் மூன்று கிலோ அதிகம்.

அந்த மூன்று கிலோ நான் வைத்தது. ஜூலை அவமானம் மறுபடி வரக்கூடாது என்று, கணக்குக்கு மேலே ஒரு தகடு. பத்திரமாக இருக்கட்டும் என்று. ஒரு டயர் அகலம் பின்தங்க அது தாராளமாகப் போதும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இவருக்கும் தெரியும். மேடையில் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"மேடைல ஏறினப்ப பயமில்லாம நல்லா இருந்துச்சும்மா. பேரு பட்டியல்ல இருக்கும்ல?"

"இருக்கும். நாலாவதா."

"இருந்தாச் சரி. பசிக்குது."

திட்டியிருக்கலாம். திட்டினா என்னவாம்? நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்ல —

செப்டம்பர் 23

துணி துவைத்தேன். பந்தய உடையை எப்போதும்போல நிழலில் காயப்போட்டேன்.

அக்டோபர் 3

மருமகன் வந்தார். எடை பார்க்கவும் இருக்கை அளவு எடுக்கவும் முதலாளி அனுப்பியிருக்கிறார். ஆளை ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. ஆகஸ்டில் பார்த்தவருக்கு அண்ணன் மாதிரி இருந்தார்.

டயர் அண்ணன் வெளியே போகும்வரை காத்திருந்தார். பிறகு மெல்லிய குரலில், "அக்கா, எனக்குக் காருன்னாலே பயம்" என்றார்.

"பந்தயக் காரா?"

"எல்லாக் காரும். கடைக்கு பஸ்லதான் போறேன். மாமனார் என்னைய வீரன்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்கார். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவ, வேகம் புடிக்கும்னு சும்மா பேச்சுக்குச் சொன்னேன். அதப் புடிச்சுக்கிட்டார். அவருகிட்ட எப்படிக்கா இல்லேங்கறது?"

"அதனால?"

"நீங்கதான சொன்னீங்க, எல்லா ஈயமும் கழட்டியும் கனம்னா ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. அதான் சாப்பிடறேன்." சோர்வாக மூச்சு விட்டார். "வெளையாட்டில்லக்கா. காலைல ரெண்டு தடவ சாப்பிடறேன். முடியல."

ஒரே இருக்கை. அதைப் பிடித்துக்கொள்ள ஒருவர் பட்டினி கிடந்திருக்கிறார், அதிலிருந்து தப்பிக்க இன்னொருவர் விழுந்து விழுந்து சாப்பிட்டிருக்கிறார். இரண்டும் என் தராசை நம்பி. இவ்வளவு கௌரவம் அந்தத் தராசுக்கு இதுவரை கிடைத்ததில்லை.

"எதுக்கும் நீங்க ரெண்டு கிலோ கூட்டி எழுதிடுங்களேன்" என்றார்.

"ஒரு கிராம் கூட்டமாட்டேன். ஏறுங்க."

ஏறினார். கூட்டத் தேவையே இருக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "பாவம், என்னவிட அவன்தான் கஷ்டப்பட்டிருக்கான்" என்றார்.

அக்டோபர் 6, ஞாயிறு

முதலாளி வந்தார். நான் எதுவும் சொல்லவில்லை. காரில் ஒரு தகடு ஈயம்கூட இல்லாமல், மருமகனை உட்காரவைத்து, நாலு சக்கரத்துக்கும் தராசு போட்டு, எண்ணைப் பலகையில் எழுதினேன். பக்கத்தில் விதி சொல்லும் எடையையும் எழுதினேன். முதலாளி பஞ்சை எடைபோட்டு விற்றுப் பெரிய ஆளானவர். இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருந்த தூரம் அவருக்கு ஒரு பார்வையில் புரிந்துவிட்டது.

"இன்னும் எதையாச்சும் கழட்டலாமாம்மா?"

"கதவு இருந்தா கழட்டலாம். கதவே கெடையாது."

"சரி, மாப்ளையக் கொறைக்கச் சொல்லலாம்ல?"

"தாராளமா. ஆனா நீங்கதான் சொல்லணும். நான் எப்படிச் சொல்றது உங்க மாப்ளைய?"

முதலாளி காருக்குள் எட்டிப் பார்த்தார். மருமகன் அடக்கமாக, "சொல்லுங்க மாமா, கொறைச்சிடறேன்" என்றார். உள்ளேயிருந்து வெளியே வர முடியாமல் கொஞ்சம் திணறிக்கொண்டிருந்தார். நானும் டயர் அண்ணனும் ஆளுக்கொரு கை கொடுத்தோம்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாப்ளையப் பட்டினி போட்டேன்னு வைங்க," என்றார், "எம் பொண்ணு எனக்கு ஆயுசுக்கும் சோறு போடமாட்டா." பலகையை ஒருமுறை பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார், மேலிருந்து கீழாக, விலை படியுமா என்று பார்க்கிற மாதிரி.

டயர் அண்ணன் பின்னால் போய்ச் சுவரோடு நின்றுகொண்டு இருமினார். அவருக்கு இருமல் கிடையாது.

நவம்பர் 12

இன்று இருக்கை வார்த்தோம். காரில் பெரிய பிளாஸ்டிக் பையை விரித்து, ஓட்டுநரை அதன்மேல் உட்காரவைத்து, பைக்குள் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுவோம். நுரையாகப் பொங்கி, முதுகுக்கும் இடுப்புக்கும் அச்சு எடுத்துக்கொண்டு இறுகிவிடும். அதுவரை ஆள் அசையக்கூடாது. அடுத்த பருவம் முழுக்க அந்த அச்சுதான்.

காலையில் முதலாளி தன் கடை நுரைமெத்தைச் சுருள் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். படுத்தால் உடம்பு பூப்போல அமுங்குமாம். பந்தயக் காரில் அமுங்கக் கூடாது என்று டயர் அண்ணன் அதை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். கொண்டுவந்தவர் மருமகன். பஸ்ஸில் வந்தார். இனி சுற்று நேரங்களைக் குறித்துக்கொடுக்கிற வேலை அவருடையது. தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம்தானே என்று மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். உடம்பு பழைய அளவுக்கு வந்துகொண்டிருக்கிறது. பிஸ்கட் நீட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

நுரையை ஊற்றியதும் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏம்மா, சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கணுமோ?"

"இப்ப இருக்கற அளவுக்குத்தான் அச்சு. இனி ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது."

"எவ்ளோ நாளைக்கு?"

"ஒரு வருஷம்."

நுரை பையை நிரப்பிக்கொண்டு அவர் தோளை எட்டிக்கொண்டிருந்தது.

"முதுகுல சூடா ஏறுது. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"அசையாதீங்க" என்றேன்.