மூன்று விரல் தொய்வு

ஜூன் 9

மேய்ச்சல் மேட்டுக்குக் கூடாரம் மாறியதிலிருந்து மழை. இன்றுதான் வெயில். என் வீட்டுக்காரர் ஜானிஷின் பைக் செயினை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டேன். எங்கள் வீட்டில் செயின் என் வேலை. அவருக்கு ஆடு மட்டும்தான் தெரியும். போன கோடையில் ஆட்டு வால்கொழுப்பைத் தடவி வைத்தார் மனிதர். மணல் அப்பியது, நாய் நக்கியது.

கீழ்ச் செயினை நடுவில் தூக்கினால் இரண்டு விரல் அகலம் ஏறுகிறது. அவர் ஒருவருக்கு அது போதும்.

ஜூன் 13

செயின் மூன்று விரல் தொங்குகிறது. தானாகத் தளரவில்லை, பின்சக்கர நட்டுகளில் ஸ்பேனர் பட்ட புதுக் கீறல்.

கேட்டேன். பாரம் ஏற்றினாராம், உப்பு மூட்டையாம். உப்பு மூட்டை இங்கே கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது!

பின்னால் ஆள் உட்கார்ந்தால் செயின் இழுபடும், முன்கூட்டியே தொய்வு விடணும் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். இப்போ யாருக்கு விட்டிருக்கார்?

ஜூன் 14

சைகல். புதுசாக வந்திருக்கும் மாட்டு டாக்டர். நாரின் பட்டணத்துக்காரி.

ஓடைக்கு அந்தப் பக்கத்துக் கூடாரக்காரி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உன் வீட்டுக்காரர் பின்னாடி உக்காந்து அந்தப் பொண்ணு ஜம்முனு போகுது."

மந்தை மந்தையாக ஊசி போடப் போகிறார்களாம். போகட்டும். அதை என்கிட்ட சொன்னா என்ன? அவ பேரைச் சொன்னா நாக்கு வெந்துடுமா? அவரை விட்டால் இந்த மலையில் எனக்கு யார் இருக்கா?

ஜூன் 15

காலையில் அவர் டீ குடிக்கும்போது செயினை இறுக்கிவிட்டேன். ஒரு விரல்கூட ஏறாது. தனியாகப் போனால் வண்டி முனகும். ரெண்டு பேர் ஏறினால் — ஏறிப் பார்க்கட்டுமே.

மாலை

இன்னும் வரவில்லை. ஓடையில் வெள்ளம் போகிறது. ஐயோ, என்ன காரியம் பண்ணி வெச்சேன்.

ஜூன் 16

நேற்று பொழுது சாயும்போது நடந்து வந்தார்கள். ஓடை ஏற்றத்தில் செயின் அறுந்து இரண்டு பேரும் விழுந்திருக்கிறார்கள். அவருக்குக் கீறல் இல்லை. அவளுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. அவர் தோளைப் பிடித்து நொண்டி நொண்டி வந்தாள். பாவம் என்று நினைக்கும் முன்னால் அந்தத் தோள்தான் கண்ணில் பட்டது எனக்கு.

டீ கொடுத்தேன். "அக்கா, வழியெல்லாம் உங்க பேச்சுதான்," என்றாள். "உங்களுக்குத் தெரிஞ்சா என்னை ஏத்த விடமாட்டீங்கன்னு ஒரே பயம் இவருக்கு."

ஜானிஷ் அறுந்த செயினைப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செயின் பழசு," என்றார்.

ஜூன் 20

ஊசி போடாத மந்தைகள் மிச்சம் இருக்கின்றன. சைகலின் கணுக்கால் வீக்கமும் வற்றிவிட்டது. கீழ் ஊரிலிருந்து வந்த புதுச் செயினை மாட்டி மூன்று விரல் விட்டேன். ஜானிஷ்தான் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு பேருக்குத்தான்," என்றேன். "முன்னாடி நான், பின்னாடி சைகல். நீங்க ஆட்டைப் பாருங்க."

போய் வந்தோம். செயின் சத்தமே இல்லை. நல்ல பெண்தான். ஆனால் மேடு வந்தால் இடுப்பை இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.

அவரையும் இப்படித்தான் பிடித்திருப்பாளோ?