படம் எப்படிங்க, மாப்ள?

அண்ணா,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். மெட்ராஸில் நடக்கும் அந்தச் சிரிப்புக் காதல் கதை. அடுப்படியில் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். திக்கித் திக்கிப் பேசும் அந்தக் குரல் காதில் விழுந்ததும் கடுகு கருகும் வரை அப்படியே நின்றுவிட்டேன். நாயகியின் பின்னால் அலைந்து, "ஐ... ஐ... ஐ..." என்று சொல்லி முடிப்பதற்குள் அறை வாங்குவானே, தந்தி பாபு, அவன் குரல். போய் டிவியை அணைத்தேன். ஏன் என்று மகள் கேட்டாள். அவளிடம் சொல்லவில்லை. உனக்கு எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், உனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நிச்சயமாகி, மாதா கோவிலில் மூன்று வாரம் வாசிக்கும் திருமண அறிவிப்பில் முதல் வாரமும் வாசித்தாயிற்று. பெண் வீட்டார் நம்மை அரூருக்குப் படம் பார்க்க அழைத்தார்கள். பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் உன் கடைக்கு அன்று லீவு. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, திருப்தியில்லாமல் மறுபடியும் போட்டாய். உனக்குப் பேச்சு திக்கும் என்பதை நாம் மறைக்கவில்லை. "அதனாலென்னங்க, குணம் போதும்" என்றுதான் ஸ்டெல்லாவின் அப்பா சொல்லியிருந்தார்.

தந்தி பாபு வாயைத் திறந்தபோதெல்லாம் கொட்டகை அதிர்ந்தது. ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

படம் விட்டதும் டீக்கடையில் ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம். "மொதப் பாதி தூக்கல், அப்பறம் ஒரே இழுவைங்க" என்றார் அவளுடைய அப்பா. "அந்தப் புள்ள போட்டிருந்த துணியும் அதுவும், கண்றாவி" என்றாள் நம் அம்மா. ஸ்டெல்லாவின் சித்தப்பாவுக்கு மட்டும் குறையே தெரியவில்லை. "சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிருச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே உன் பக்கம் திரும்பினார்.

"படம் எப்படிங்க, மாப்ள?"

"ப... ப... படம்..."

"ஐ... ஐ... ஐ..." என்று எடுத்துக்கொடுத்தார், அதே குரலில்.

கடையே சிரித்தது. ஸ்டெல்லாவும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ டம்ளரைக் கீழே வைத்தாய். உதடு இன்னும் அந்த வார்த்தையில்தான் நின்றிருந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது என்று அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனாய். அடுத்த அறிவிப்பை வாசிக்க வேண்டாம் என்றாய்.

"ஒரு சினிமாவுக்காகவா தம்பி?"

நீ பதில் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. "சி... சிரிச்சதுக்கு இல்லீங்க சாமி. நா... நா சொல்லி முடிக்கற வரைக்கும் அவ நிக்கலீங்க."

ஸ்டெல்லாவின் அப்பா நம் வாசலில் வந்து நின்று, தெருவே கேட்கக் கத்தினார். "வாய்தான் திக்குதுன்னு பாத்தா, திமிரு நல்லா ஓடுது! எவன் பொண்ணு குடுக்கறான்னு பாக்கறேன்!" அவர் சொன்னபடியே ஆயிற்று. அவளுக்கு அந்த வருஷமே சேலத்தில் கல்யாணம் நடந்தது. உனக்கு யாரும் பெண் தரவில்லை. தெருவில் தொடங்கிய 'தந்தி' என்ற பெயர் கடைக்கும் ஒட்டிக்கொண்டது. மோட்டார் கெட்டால் "தந்தி கிட்டக் குடுத்துரு" என்பார்கள். கூப்பிட்டால் நீயும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாய்.

நீ போன அன்று தெருப் பிள்ளைகள் முனையில் பிளெக்ஸ் கட்டினார்கள். உன் படம், கண்ணீர் அஞ்சலி, பெயர், பெயருக்குப் பக்கத்தில் 'என்கிற தந்தி'. கேலி இல்லை. அதுவும் உன் பெயர்தான் என்றே அந்தப் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். கிழிக்கப் போனேன். கட்டியவன் பதறி, "ஏங்க்கா, போட்டோ நல்லா இல்லீங்களா?" என்றான். கையை இறக்கிக்கொண்டேன்.

அன்று அரூரிலிருந்து வந்து இறங்கி, நாம் வூட்டுக்கு நடந்தது உனக்கு நினைவிருக்குமா? அம்மா முன்னால் போய்விட்டாள். புளியமரங்களைத் தாண்டும்போது நீயாகவே ஆரம்பித்தாய்.

"க... கடலு நல்லா இருந்துச்சு பாப்பா. மா... மாடி பஸ்ஸில அவங்க ரெண்டு பேரும் போனது நல்லா இருந்துச்சு. க... கல்யாணம் ஆனதும் அவள அங்க கூட்டிட்டுப் போவணும்னு நெனச்சுக்கிட்டேதான் பாத்தேன்."

வூடு வரும்வரை அதைச் சொன்னாய். நீ திக்கிய இடம் ஒன்றுகூட விடாமல் என்னிடம் இருக்கிறது, அண்ணா.